அழகாகத் தைப்பவருக்கும் மனச்சோர்வு வரும்

"இவ்வளவு பெரிய படத்தைத் தைத்து முடித்திருக்கிறாள். மனச்சோர்வு இருப்பவளால் இது முடியுமா, டாக்டர்?" உறவினர்கள் என் எதிரில் அமர்ந்து இப்படிக் கேட்பது புதிதல்ல. இந்த முறை வந்தவர்கள் மாத்திரையையும் நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண் துணித்துண்டுகளை அடுக்கி, மலையும் வயலும் ஏரியுமாக நிலக்காட்சி தைப்பவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு கண்காட்சியில் தம் படத்தின் அருகே நின்று, தமக்கு மனச்சோர்வு இருப்பதைப் பலர் முன்னிலையில் முதன்முறையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். "மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாய், கையில் கலையும் இருக்கிறது, இனி மருந்து எதற்கு?" என்று வீட்டில் முடிவானது. சில வாரங்களில் தூக்கமும் பசியும் போய், எழுந்து குளிக்கவும் முடியாத நிலையில் அழைத்து வந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு என்பது கைத்திறனைப் பறிக்கும் நோய் அல்ல. குறைந்தது 2 வாரங்களாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்றுதான் முதலில் பார்க்கிறோம். கூடவே தூக்கம், பசி, களைப்பு, கவனம், குற்ற உணர்வு, தன்னை ஒன்றுக்கும் உதவாதவராக நினைப்பது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றை விசாரிக்கிறோம். 'அழகான பொருள் எதையும் செய்ய இயலாமை' என்று அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. பல ஆண்டுகள் பழகிய கை, மனம் ஒத்துழைக்காத நாளிலும் சிலருக்கு வேலை செய்யும். வேறு சிலருக்குக் கத்தரிக்கோலைத் தூக்கவே முடியாது. துணி மடித்தது மடித்தபடி மாதக்கணக்கில் கிடக்கும். இருவருக்கும் இருப்பது ஒரே நோய்தான். முதலாமவருக்குக் குறைவு, இரண்டாமவருக்கு அதிகம் என்று கையை வைத்து அளந்துவிட முடியாது. வீட்டார் கண்ணுக்குச் சுவரில் மாட்டிய படம் தெரிகிறது. விடியலுக்கு வெகுமுன்பே விழிப்பு வந்து, மீண்டும் தூங்க முடியாமல் தவித்த பொழுதுகளில்தான் அந்த வானம் தைக்கப்பட்டது என்பது தெரிவதில்லை. ஒரு மணி நேரம் தைத்துவிட்டு மீதி நாள் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் தெரிவதில்லை.

இதே தவறு நிறத்தை வைத்தும் நடக்கிறது. கறுப்பும் சாம்பலுமாகத் தைத்தால் நோய் முற்றிவிட்டது, மஞ்சள் பூக்கள் வந்துவிட்டால் குணமாகிவிட்டது என்கிறார்கள். துணியின் நிறத்தைப் பார்த்து யாரும் நோயைக் கணிக்க முடியாது, நாங்களும் கணிப்பதில்லை. தைத்தவரைக் கேளுங்கள்.

நான் இந்தக் கலையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதைப் போலத் தோதான வேலைகள் குறைவு. நிலக்காட்சியைப் பின்னாலிருந்து முன்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் வானம். அதன்மேல் வெளிறிய நீலத்தில் தூரத்து மலை, அடுத்து அடர்ந்த பச்சையில் மரங்கள், கடைசியாக அருகிலிருக்கும் புல்லும் கல்லும். மூடுபனி வேண்டுமென்றால் மேலே மெல்லிய ஆர்கன்சாவோ வலைத்துணியோ ஓர் அடுக்கு. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு வேலை. குண்டூசி குத்திய துண்டைத் தைக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம். எதையும் முடிவு செய்ய முடியாமல் திணறுபவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! மனநிலை சரியாகட்டும் என்று காத்திராமல், குறித்த நேரத்தில் ஒரு சிறு செயலைத் தொடங்கினால் மனநிலை அதன் பின்னால் மெல்ல வரும் என்பது மனச்சோர்வுச் சிகிச்சையில் நன்கு நிலைபெற்ற முறை. 'இன்று வானத்துக்கான துணியை மட்டும் எடுத்து வையுங்கள், 15 நிமிடம் போதும், பிறகு எழுந்துவிடுங்கள்' என்று நானே சொல்லி அனுப்புகிறேன். "எப்போது முடிப்பாய்?" என்று மட்டும் வீட்டில் கேட்காதீர்கள்.

ஆனால் இது சிகிச்சையோடு சேர்ந்து நிற்க வேண்டியது. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். எல்லோருக்கும் மாத்திரை வேண்டுமென்று நான் சொல்லவில்லை. மருந்து தேவைப்படுபவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரியவே பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இன்னும் நீளும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அதைப் பார்த்துவிட்டு "அடிமையாகிவிட்டாள்" என்று பேசாதீர்கள். மனச்சோர்வு மருந்து போதைப்பொருள் அல்ல. நிறுத்துவதானால் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தைப்பவர்களுக்கென்று தனியாக ஒன்று. சில பழைய வகை மருந்துகளால் அருகிலுள்ளது மங்கலாகத் தெரியும். மனநிலையைச் சீராக வைக்கத் தரப்படும் லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்குக் கை லேசாக நடுங்கலாம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் மருந்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்வெல்லாம் மரத்துப்போய், நிறங்களைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்பவர்களும் உண்டு. இதெல்லாம் சிறிய குறை என்று விழுங்கிவிடாதீர்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். எங்களிடம் சொன்னால்தானே?

இனி, வெளிப்படையாகப் பேசுவது. 2017-ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்துக்கு உலக சுகாதார நிறுவனம் மனச்சோர்வையே கருப்பொருளாக எடுத்து, 'பேசுவோம்' என்று அழைத்தது. பேசத்தான் வேண்டும். ஆனால் முதல் பேச்சு மேடையில் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் தொடங்குங்கள். நோய் மோசமாக இருக்கும் வாரத்தில் மேடை ஏறாதீர்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்று முன்பே தீர்மானியுங்கள். தற்கொலை முயற்சி நடந்திருந்தால் அது எப்படி நடந்தது என்ற விவரம் கூடாது. கேட்பவர்களில் அதே விளிம்பில் நிற்பவர் இருக்கலாம். பேசிய பிறகு முன்பின் தெரியாதவர்கள் தங்கள் துயரத்தை உங்களிடம் கொண்டுவருவார்கள். அன்பாகக் கேட்டு, மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். அவர்களைக் குணப்படுத்தும் பொறுப்பு உங்களுடையதல்ல. கண்காட்சி நடத்துபவர்களே, படத்தின் பின்னாலுள்ள சோகக் கதையைச் சொல்லும்படி நெருக்காதீர்கள். அவர் தையலைப் பற்றி மட்டும் பேச விரும்பினால் பேசட்டும்.

கேட்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. "உனக்கென்ன குறை?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பலருக்கு அந்தக் கேள்வியே ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைகளையும், துணி வெட்டும் கத்தி, பிளேடு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். உள்நோயாளிகளுக்கான தையல் வகுப்பில் கத்தரிக்கோலையும் ஊசியையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது வழக்கம். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அதற்காகத் துணிப்பெட்டியையும் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வெட்டிக் கொடுங்கள், அவர் அடுக்கட்டும். கூர்மையான பொருட்களை எப்போது திருப்பித் தரலாம் என்பதை அடுத்த முறை வரும்போது அவரையும் வைத்துக்கொண்டே பேசி முடிவு செய்வோம்.