முடுக்கம்: வேகம் வேறு, இது வேறு

பைக்கில் ஆக்சிலரேட்டரைத் திருகியதும் உடம்பு பின்னால் சாய்கிறது. முள் அறுபதில் போய் நின்றதும் அந்தச் சாய்வு போய்விடும், வண்டி அதே அறுபதில் பறந்துகொண்டிருந்தாலும். அதாவது உடம்புக்கு உறைத்தது வேகம் இல்லை, வேகம் மாறியதுதான். அந்த மாற்றம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதற்குப் பெயர்தான் முடுக்கம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ஆக்சிலரேஷன், லத்தீன் வழி வந்த சொல். விரைவு என்று பொருள்படும் 'செலர்' அதன் வேர். நம் சொல்லுக்கு வேர் 'முடுகு'. முடுகுதல் என்றால் தானே விரைதல், முடுக்குதல் என்றால் இன்னொன்றை விரைய வைத்தல். 'மீட்புப் பணிகள் முடுக்கிவிடப்பட்டன' என்று செய்தித்தாளில் தினமும் வருகிறதே, அதே முடுக்குதான். தொல்காப்பியம் சொல்லும் 20 வண்ணங்களில், அதாவது பாட்டின் ஓசை வகைகளில், முடுகு வண்ணமும் ஒன்று, நிற்காமல் ஓடும் ஓசை அது. (நெல்லைப் பக்கம் முடுக்கு என்றால் குறுகலான சந்து, அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, கணக்குக்கு வருவோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும் பேருந்து, 5 வினாடியில் 72 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. முதலில் 3.6ஆல் வகுத்து வினாடிக்கு 10 மீட்டர், 20 மீட்டர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கூடியது 10, எடுத்த நேரம் 5, ஆக முடுக்கம் 2 மீ/வி², அதாவது வினாடிக்கு, வினாடிக்கு 2 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் இன்னொரு 2 மீ/வி சேர்கிறது, அவ்வளவுதான் அந்த இரண்டாவது 'வினாடி'யின் ரகசியம். அதே பேருந்து பிரேக் போட்டு 4 வினாடியில் நின்றால் விடை மைனஸ் 5.

'வேகவளர்ச்சி' என்று எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை, ஏனென்றால் வேகம் குறைந்தாலும் முடுக்கம்தான், வேகம் மாறாமல் வளைவில் திரும்பினாலும் முடுக்கம்தான், திசை மாறுகிறதே, முடுக்கத்தில் அதுவும் கணக்கு!

இலங்கைப் பாடநூல்களில் இது ஆர்முடுகல், வேகம் குறைந்தால் அமர்முடுகல். ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். நம் 'எதிர்முடுக்க'த்தைவிட இந்த ஜோடி அழகு என்றுதான் சொல்வேன். அப்புறம் ஒன்று: தமிழ்நாட்டில் வேகம், திசைவேகம் (திசையும் சேர்ந்த வேகம்) என்று பிரிப்பதை அங்கே கதி, வேகம் என்று பிரிக்கிறார்கள். அந்த நூல்களை எடுத்துப் படிக்கும்போது 'வேகம்' என்று கண்டால் திசைவேகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள், செக்கன் என்றால் வினாடி.