வேலைக்கு எடுக்கும்போது பழைய கேஸை எத்தனை வருஷம் பின்னால் போய்த் தேடுவார்கள்?

"ஏழு வருஷம் தாண்டிட்டா பழைய கேஸ் கணக்கில் வராது" என்று மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் வேலை தேடும் பையன்கள் நம்பிக்கையோடு சொல்வதுண்டு. அந்த 7 ஆண்டுக் கணக்கு அமெரிக்கச் சட்டத்தில் இருப்பது. அங்கேயும் தண்டனை பெற்ற வழக்குக்கு மத்தியச் சட்டத்தில் கால வரம்பு கிடையாது. இத்தனை ஆண்டுக்கு மேல் தோண்டக் கூடாது என்று வேலை கொடுப்பவரைத் தடுக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

மத்திய அரசு வேலைக்குத் தரும் அட்டெஸ்டேஷன் ஃபார்மை, அதாவது உங்கள் விவரங்களை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடும் படிவத்தைப் பாருங்கள். குடியிருந்த இடம் என்றால் கடைசி 5 ஆண்டுதான். அதில் ஓராண்டுக்கு மேல் தங்கிய ஊர் எல்லாம் வர வேண்டும். திருவனந்தபுரத்தில் அறை எடுத்துப் படித்ததைப் பலர் எழுத மறந்துவிடுவார்கள். வெளிநாடு என்றால் 21 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் இருந்த ஊர் அத்தனையும் கேட்கும். வளைகுடா போய் வந்தவர்கள் பழைய விசா தாளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வழக்கு பற்றிய கேள்வியில்தான் ஆண்டே கிடையாது. 'எப்போதாவது' கைதானீர்களா, வழக்கு நடந்ததா, அபராதம் கட்டினீர்களா என்றுதான் இருக்கும். கல்லூரி நாளில் குழித்துறையில் மறியலில் உட்கார்ந்து, எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறி, அப்புறம் விடுதலையாகியிருந்தாலும் பதில் 'ஆம்'தான். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் இதை அலசியது. இள வயதில் கோஷம் போட்டது மாதிரி சில்லறை வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட, அதை மன்னித்து வேலை கொடுக்க நிர்வாகத்துக்கு இடம் உண்டு என்றது. ஆனால் மன்னிப்பது அவர்கள் விருப்பம். நான் பார்த்தவரை, கேஸைவிட அதை மறைத்ததுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்திருந்தாலும் வழக்கில் தொடர்புடையவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

18 வயதுக்கு முன் நடந்தது வேறு. முடிந்துபோன வழக்கில் சிறுவரின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு.

தனியார் கம்பெனி எவ்வளவு பின்னால் போகும் என்பது நீங்கள் கையெழுத்துப் போடும் சம்மதத் தாளில் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். பழைய வேலையை மறைப்பதும் சிரமம், கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னில் எங்கே எப்போது சேர்ந்தீர்கள் என்பது வரிசையாக நிற்கும்.

இன்னொன்று, கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட்டுகளில் ஜார்ஜ், மணிகண்டன் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்! வேறு யாருடைய கேஸாவது உங்கள் தலையில் விழுந்தால் வழக்கு எண்ணைக் கேளுங்கள். அந்த எஃப்.ஐ.ஆர். நகலில் அப்பா பெயரும் விலாசமும் இருக்கும். அதை ஆதாரோடு சேர்த்து எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.