பேரவைத் தீர்மானம்: எது வெறும் கோரிக்கை, எதற்கு வலு உண்டு?

"பேரவையில் தீர்மானம் நிறைவேறியது" என்று செய்தி வந்ததுமே சட்டமே வந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டமுன்வடிவுதான் (மசோதா) ஆளுநரின் ஒப்புதலுக்குப் போகும். தீர்மானம் போகாது, அது பேரவை தன் கருத்தைச் சொல்லும் வழி.

இரங்கலை முதலில் பார்ப்போம். முன்னாள் உறுப்பினர் மறைந்தால் பேரவைத் தலைவர் இரங்கல் குறிப்பு வாசிப்பார், உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். பெரிய தலைவரோ பதவியிலுள்ள உறுப்பினரோ மறைந்தால் இரங்கல் தீர்மானம் கொண்டுவந்து அன்றைய கூட்டத்தை ஒத்திவைப்பது வழக்கம். மன்மோகன் சிங்குக்கும் ஈரோடு கிழக்கு உறுப்பினர் ஈ.வெ.கி.ச. இளங்கோவனுக்கும் தமிழகப் பேரவை 2025 ஜனவரி 7 அன்று இப்படித்தான் அஞ்சலி செலுத்தியது. இந்தத் தீர்மானத்தால் குடும்பத்துக்குப் பண உரிமை எதுவும் வந்துவிடாது. ஓய்வூதியத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. காலியான தொகுதிக்கு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ பிரிவின்படி 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் இந்தக் கெடு பொருந்தாது.

அரசமைப்பை மாற்றச் சொல்லும் தீர்மானங்களில்தான் குழப்பம் அதிகம். அரசமைப்புத் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் மட்டுமே கொண்டுவர முடியும். அதனால் மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவின் அறிக்கையையொட்டி 1974 ஏப்ரலில் நிறைவேறிய மாநில சுயாட்சித் தீர்மானமும், ஒரே நாடு ஒரே தேர்தலுக்கு எதிராக 2024 பிப்ரவரியில் நிறைவேறிய தீர்மானமும் ஒன்றிய அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. அதற்காக அவற்றை வெறும் காகிதம் என்று தள்ளிவிடக் கூடாது. 'தமிழ்நாடு' என்ற பெயரே 1967 ஜூலை 18 அன்று ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தில் தொடங்கி, நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்ததுதான்.

வாசகம் சரியில்லாவிட்டால் வேலை இரட்டிப்பாகும். கேரளப் பேரவை 2023 ஆகஸ்டில், மாநிலங்களின் பெயர்களைப் பட்டியலிடும் அரசமைப்பின் முதல் அட்டவணையோடு எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் மாநிலத்தின் பெயரைக் 'கேரளம்' என்று மாற்றக் கேட்டது. ஒன்றிய உள்துறை திருத்தம் சொன்னதால் 2024 ஜூன் 24 அன்று மறுபடியும் தீர்மானம் போட வேண்டி வந்தது.

பேரவைத் தீர்மானத்துக்கு அரசமைப்பே வலு தரும் இடம் ஒன்று, பிரிவு 368(2). குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச, உயர் நீதிமன்றங்கள், ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரத்தைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணைப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களுக்கான இடங்கள் போன்றவற்றைத் தொடும் திருத்தத்துக்கு நாடாளுமன்றம் மட்டும் போதாது. பாதிக்குக் குறையாத மாநிலங்கள், அதாவது இன்று 28-இல் 14, ஏற்புத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போகும். இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் பேரவை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. ஜிஎஸ்டிக்கான 101-வது திருத்தம் இப்படித்தான் வந்தது. 2016 ஆகஸ்டில் முதலில் ஏற்றது அசாம்.

இன்னொன்று பிரிவு 169, மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையான மேலவையை அமைக்கவோ கலைக்கவோ. இங்கே இரண்டு கணக்கும் சேர்ந்து தேற வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 234 பேர் கொண்ட தமிழகப் பேரவையில் 170 பேர் வாக்களித்து 115 பேர் ஆதரித்தால், மூன்றில் இரண்டு பங்கு தேறினாலும் 118 வராததால் தீர்மானம் தோற்கும். குரல் வாக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை பதிவாகாது என்பதால் எண்ணித்தான் தீர வேண்டும்.

அதற்குப் பிறகும் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் விருப்பம், காலக்கெடு கிடையாது. ஆந்திரப் பேரவை 2020 ஜனவரியில் மேலவையைக் கலைக்கக் கேட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமலே இருக்க, 2021 நவம்பரில் தன் தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றது. தமிழகத்தில் 1986-இல் கலைக்கப்பட்ட மேலவையை மீட்க 1989, 1996, 2010 என மூன்று முறை தீர்மானம் நிறைவேறியது. 2010-இல் நாடாளுமன்றச் சட்டமே வந்துவிட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் புதிய பேரவை எதிர்த்தீர்மானம் போட்டது, மேலவை அமையவேயில்லை.