எக்ஸ்பயரி தேதி தாண்டிய பாக்கெட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது

அலமாரியில் பிரிக்காத ரவை பாக்கெட். தேதி போன வாரத்தோடு முடிந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் பன்னீர், தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, ஆனால் பிரித்து ஐந்து நாளாகிறது. பல வீடுகளில் ரவை குப்பைக்கும் பன்னீர் குருமாவுக்கும் போகும். போக வேண்டியது நேர் எதிராக.

இந்தக் குழப்பம் தீர, தேதியை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே பேட்ச்சில் எடுத்த பாக்கெட்டுகளை, லேபிளில் சொல்லப்போகும் வெப்பநிலையிலேயே வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் பிரித்துச் சோதிப்பார்கள். நுண்ணுயிர் எண்ணிக்கை, ஈரப்பதம், எண்ணெய்ப் பண்டமானால் காறல், கடைசியில் ருசி. ஒரு வருடம் தாங்கும் பண்டத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்பதால் சூடான அறையில் வைத்து வேகப்படுத்துவதும் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. இவற்றில் எது முதலில் தோற்கிறதோ, அதற்குச் சற்று முன்னால் தேதியை வைப்பார்கள். பிஸ்கட்டில் முதலில் போவது மொறுமொறுப்பு. பாக்கெட் பாலில் முதலில் எகிறுவது நுண்ணுயிர். இரண்டின் மேலும் அச்சாகும் தேதி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்; சொல்லும் சேதி வேறு.

சட்டமும் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி கடந்தாலும் உணவு பாதுகாப்பாக இருக்கலாம், தரம்தான் குறைந்திருக்கும். ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பயரி’ கடந்தால் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதமில்லை, விற்கவும் கூடாது. ஆனால் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளில் எக்ஸ்பயரி/யூஸ் பை கட்டாயமாகி, பெஸ்ட் பிஃபோர் விருப்பமாகிவிட்டது. அதனால் பிஸ்கட்டிலும் எக்ஸ்பயரி, பன்னீரிலும் எக்ஸ்பயரி. எழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்பது இனி நடக்காது. உள்ளே இருக்கும் பண்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, அதில் ஈரம் உண்டா என்பது. ரவை, சேமியா, பருப்பு, பிஸ்கட் போன்ற உலர்ந்த சாமான்களில் கிருமி வளரத் தண்ணீர் இல்லை. பிரிக்காமல், நமுக்காமல், பூஞ்சையோ வண்டோ கூடோ இல்லாமல் இருந்தால், தேதி தாண்டிச் சில வாரங்கள் வரை பெரிதாகப் பயப்பட வேண்டாம். உப்பும் சர்க்கரையும் கெடுவதே இல்லை. அயோடின் உப்பில் அயோடின் மட்டும் நாளாக ஆகக் குறையும். எண்ணெய், நெய், முறுக்கு வகைகளில் வருவது காறல் வாடை. பழைய பெயிண்ட் மாதிரி அடித்தால் கொட்டிவிடுங்கள். உலர்ந்ததிலும் ஒரு விதிவிலக்கு நிலக்கடலை. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் போகாது. கசக்கிற கடலையை உடனே துப்பிவிடுங்கள்.

ஈரமும் புரதமும் சேர்ந்து, ஃப்ரிட்ஜை நம்பி இருப்பவை வேறு ரகம். பால், பன்னீர், இறைச்சி, மீன், சாசேஜ், கிரீம் கேக். இவற்றுக்குத் தேதி தாண்டினால் பேரம் கிடையாது. ‘முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது இங்கே செல்லாது. நாற்றத்தையும் பிசுபிசுப்பையும் உண்டாக்கும் கிருமிகள் வேறு, நோயைத் தரும் கிருமிகள் வேறு. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும். வாடையோ நிறமோ மாறாது. கர்ப்பிணிகளுக்கு அது கருச்சிதைவு வரை கொண்டுபோய்விடும்.

‘நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்’ என்பதும் பாதி உண்மைதான். கொதியில் கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சும், வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சும் கொதிக்கு அசையாதவை. காய்ச்சிய பால் திரியவில்லை என்றால் புளிப்பு அவ்வளவாக ஏறவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் அப்படியே. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதால் பழைய முட்டை மிதக்கிறது. வயது தெரியும், சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கிறதா என்பது தெரியாது.

அடிக்கடி வரும் கேள்வி, பாக்கெட் உப்பியிருந்தால் என்ன செய்வது என்பது. சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது நிறுவனமே அடைத்த நைட்ரஜனால். இட்லி மாவு பாக்கெட் உப்புவது புளிப்பதால் வரும் கரியமில வாயுவால், அதுவும் இயல்பு. பல பாக்கெட்டுகளில் அதற்கென்றே சிறு துளை இருக்கும். தயிர் கப்பின் மூடி மேடு தட்டியிருந்தால் ஈஸ்ட் புகுந்திருக்கலாம், வேண்டாம். அட்டைப் பெட்டிப் பால் உப்பியிருந்தால் கிருமி நீக்கமோ சீலோ எங்கோ தவறியிருக்கிறது. தகர டின்னில் வந்த மீன், காய், காளான் உப்பியிருந்தாலோ, மடிப்பு ஓரத்தில் நசுங்கிக் கசிந்திருந்தாலோ, தேதிக்கு ஒரு வருடம் மிச்சமிருந்தாலும் திறக்காமலே ஒழித்துவிட வேண்டும். அதில் பாட்டுலினம் நஞ்சு இருக்கக்கூடும். ருசி பார்க்கும் அளவு மிகச் சிறிதாயிற்றே என்று நினைக்காதீர்கள். அந்த நஞ்சுக்கு அதுவே போதும்.

பாக்கெட்டைப் பிரித்த நிமிடமே அச்சடித்த தேதி காலாவதியாகிவிடுகிறது. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. அட்டைப் பெட்டிப் பால் ஆறு மாதம் தாங்குவது 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நுழையாதபடி அடைப்பதால். வெட்டிவிட்டால் அதுவும் சாதாரணப் பால். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். ‘பிரித்த பின் இத்தனை நாளில் பயன்படுத்தவும்’ என்ற வரி பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படித்துவிட்டு, பிரித்த தேதியை மார்க்கரால் மேலேயே எழுதிவையுங்கள். பன்னீரானால் பிரித்த இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பிரெட்டில் ஒரு துண்டில் பச்சைப் புள்ளி தெரிந்தால் பாக்கெட் முழுவதும் போகட்டும். பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே ஓடியிருக்கும்.

ஃப்ரிட்ஜ் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கதவுத் தட்டு இருப்பதிலேயே சூடான இடம். பாலை அங்கே வைக்கிற வழக்கத்தை ஃப்ரிட்ஜ் செய்கிறவர்கள்தான் ஏற்படுத்தினார்கள் என்று தோன்றுகிறது. உள் தட்டுக்கு மாற்றுங்கள். மணிக்கணக்கில் கரண்ட் போன நாளில் லேபிள் தேதியை நம்ப வேண்டாம். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது, ஆனால் சாகாது; உருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

உலர்ந்த சாமான்தான் என்றாலும், குழந்தைக்கான பால் பவுடரில் ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது. சில குழந்தைகளுக்கு அதுவே முழு உணவு, அதில் வைட்டமின் குறைந்தால் ஈடுகட்ட வேறு வழி இல்லை. பிரித்த டின்னை, லேபிள் வேறு கெடு சொல்லாவிட்டால், ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கடையில் தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, மை துடைத்த மாதிரி மங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் பில், பேட்ச் எண், தேதி மூன்றும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: டெலிவரியின்போது ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது எக்ஸ்பயரிக்கு 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனை நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. பையை வாங்கியதும் தேதியைப் பாருங்கள். திருப்பி அனுப்ப அதுதான் சரியான நேரம்.