அக்டோபரில் வரும் ஆணைகளும் வெடி ஆபீஸ் கூலியும்

விருதுநகர் மாவட்டத்தில் நெஞ்சக நோய் மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் மூச்சிரைப்போடு வருபவர்களிடம் முதலில் கேட்பது வயதையோ பெயரையோ அல்ல. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

2019 ஜனவரியில் ஒரு பெண் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, பதினான்கு ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலை, எட்டு ஆண்டுகளாக ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலர் எடுத்துக்கொண்டு அதுவரை நன்றாக இருந்தவர், அன்று ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினார். நெபுலைசர் வைத்து, மூச்சு சற்றுச் சீரான பிறகு விசாரித்தபோது, ஆறு வாரங்களாக இன்ஹேலரே வாங்கவில்லை என்று தெரிந்தது. "ஆபீஸ் பூட்டிக் கெடக்கு டாக்டரம்மா. தெறந்த பெறவு வாங்கிக்கிறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆலை மூடிக் கிடந்ததற்குக் காரணம், காற்றைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு நீதிமன்ற ஆணை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்றும், சரவெடியும் பேரிய உப்புகளும் கூடாது என்றும், தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இந்த நிபந்தனைகளோடு தொழில் நடத்த இயலாது என்று நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன. மீண்டும் திறக்கச் சில மாதங்கள் ஆயின. நுரையீரலைக் காப்பதற்காகப் பிறந்த ஆணை, ஒரு ஆஸ்துமா நோயாளியின் கையிலிருந்து இன்ஹேலரைப் பறித்திருந்தது.

இதைச் சொன்னவுடன், ஆணையே தவறு என்று நான் வாதிடப் போவதாக எங்கள் ஊர்க்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அதே 2018 தீபாவளி இரவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை உதடு நீலம் பாரித்த நிலையில் தூக்கி வந்தார்கள். தெருவில் எல்லோரும் வெடிக்கும்போது வீட்டுக்குள்தான் உட்கார வைத்திருந்தோம் என்று அவன் தாய் அழுதபடி சொன்னார். சன்னலை அடைத்துவிட்டால் புகை வராது என்று அவர் நம்பியதில் அவர் குற்றம் ஏதுமில்லை. பட்டாசுப் புகையில் உள்ள நுண்துகள்களில் பெரும்பங்கு இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான பருமன் கொண்டவை; தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அவை கதவிடுக்கு வழியே நுழையும், மூக்கின் வடிகட்டியைத் தாண்டும், மூச்சுக்குழலின் கடைசிக் கிளைகளையும் கடந்து காற்றுப்பைகளில் தங்கும். நம் நாட்டின் விதிப்படி இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த அளவு 15. தீபாவளி இரவில் பெருநகரங்களின் அளவுமானிகள் காட்டுவது இவ்விரண்டுக்கும் பல மடங்கு மேலே.

துகளோடு கந்தக டைஆக்சைடும் சேர்கிறது. வெடிமருந்தில் கந்தகம் இருப்பதால் இது தவிர்க்க முடியாதது. ஆரோக்கியமானவருக்குத் தொண்டைக் கரகரப்போடு முடிந்துவிடும் அளவு, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலைச் சில நிமிடங்களில் இறுகச் செய்துவிடும். பேரியம் நைட்ரேட்டை எங்கள் பக்கம் பச்சை உப்பு என்பார்கள். பச்சை ஒளிக்கு மட்டுமல்லாமல், கம்பி மத்தாப்பு போன்றவற்றில் எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவதற்கும் அது பயன்படுகிறது. கரையக்கூடிய பேரிய உப்புகள் உடலுக்குள் சென்றால் ரத்தத்தின் பொட்டாசியம் அளவைக் குறைத்துத் தசைகளையும் இதயத்துடிப்பையும் பாதிக்கக்கூடியவை. இந்தப் பொடியை ஆண்டுக்கு ஒரு நாள் புகையாகச் சுவாசிப்பவரைவிட, ஆண்டு முழுவதும் கையால் அள்ளுபவருக்கே ஆபத்து நெருக்கமானது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆகவே ரசாயனக் கட்டுப்பாடு தில்லிக் குழந்தைகளுக்கு மட்டும் உரிய சலுகை அல்ல.

2018 தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கே குழந்தைகளின் பெயரால் தொடுக்கப்பட்டது. 2015-ல் தில்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளம் குழந்தைகளின் சார்பில், தூய காற்று தங்கள் உரிமை என்று அவர்களின் தந்தையர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். தொழில் செய்யும் உரிமையை உற்பத்தியாளர்கள் முன்வைத்தபோது, உயிர்வாழும் உரிமையைக் காக்கும் நடவடிக்கைக்குப் பொருளாதாரப் பாதிப்பு வழிவிட்டாக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. மருத்துவராக இந்த வரிசையை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் வழிவிடுபவர் யார், அவர் எதை இழக்கிறார், அதை யார் ஈடுகட்டுவார் என்ற கேள்விகளுக்கு அந்தத் தீர்ப்பிலும் விடை இல்லை, அதைத் தொடர்ந்து வந்த அரசு நடவடிக்கைகளிலும் இல்லை.

ஆணைகள் வந்த நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தில்லியில் விற்பனைக்குத் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது 2017 அக்டோபர் 9. பசுமைப் பட்டாசுத் தீர்ப்பு 2018 அக்டோபர் 23. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 6. பேரியத் தடையை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்ன ஆணை 2021 அக்டோபர் 29. தீபாவளி நவம்பர் 4. தில்லியில் சில நாள்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசுகளை அனுமதித்தது 2025 அக்டோபர் 15. தீபாவளிக்கு ஐந்து நாள்கள் முன்பு. பட்டாசுத் தொழிலின் ஆண்டோ தீபாவளி முடிந்த சில வாரங்களில் தொடங்கிவிடுகிறது. ஆடிப்பெருக்குக்குப் பூசை போட்டு விற்பனை தொடங்கும்போது கிடங்கு பாதி நிறைந்திருக்கும். அக்டோபரில் சரக்கு முழுவதும் லாரி ஏறி வடநாடு போய்ச் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வரும் ஆணை அந்த ஆண்டின் புகையை அதிகம் குறைப்பதில்லை, ஏனெனில் செய்த பட்டாசு எப்படியாவது எங்காவது வெடிக்கப்படுகிறது. அது குறைப்பது அடுத்த ஆண்டின் முன்பணத்தையும், அந்த முன்பணத்தை நம்பி நவம்பரில் வேலைக்குத் திரும்பக் காத்திருப்பவரின் கூலியையும்தான். இதே ஆணை ஜனவரியில் வந்து, இந்த ரசாயனத்தை இத்தனை மாதங்களுக்குள் கைவிட வேண்டும், அதற்கான மாற்றுக் கலவை இன்ன இடத்தில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தால், அதே அளவு காற்று இதைவிடக் குறைந்த கண்ணீரோடு தூய்மையாகியிருக்கும்.

மாற்றுக் கலவை பற்றியும் சொல்ல வேண்டும். 2018-ல் பசுமைப் பட்டாசு மட்டுமே என்று தீர்ப்பு வந்தபோது, அதைச் செய்யும் முறை எங்கள் வட்டாரத்துச் சிறு ஆலைகள் எதனிடமும் இருக்கவில்லை. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் அதன் பிறகே ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற வகைகளை வெளியிட்டு, ஒப்பந்தம் செய்துகொண்ட ஆலைகளுக்குக் கலவை முறையைத் தந்தது. துகள் உமிழ்வை ஏறத்தாழ 30 சதவீதம் குறைப்பது இதன் நோக்கம். அது நல்ல தொடக்கம். ஆனால் பசுமை என்ற சொல்லைக் கேட்டு, இந்தப் புகை நுரையீரலுக்குத் தீங்கற்றது என்று என் நோயாளிகள் எண்ணிவிடக் கூடாது. பத்தில் ஏழு பங்குத் துகள் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையைப் பசுமைப் பட்டாசின் புகையிலும் நிறுத்த வேண்டாம். தடுப்பு இன்ஹேலரைத் தீபாவளி வாரத்தில் ஒருவேளைகூட விட வேண்டாம். நிவாரண இன்ஹேலரையும், அதோடு பொருத்தி மருந்தை உள்ளிழுக்கும் குழாயான ஸ்பேசரையும் அலமாரியில் அல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

சரவெடித் தடை வேறு வகையானது. சரவெடி பின்னுவது முழுக்கக் கைவேலை. பெரும்பாலும் பெண்கள் செய்வது. பேரியத்துக்குப் பதில் வேறு உப்பு என்று கலவையை மாற்றலாம், ஆனால் சரம் பின்னும் விரல்களுக்கு மாற்று வேலையை எந்த ஆய்வகமும் கண்டுபிடித்துத் தருவதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்துக்கு 1990-ல் வந்த திருத்தங்களை அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் கணக்கிட்டுப் பார்த்தது. 2020-ஆம் ஆண்டுக்கு மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 6,500 கோடி டாலர். தவிர்க்கப்பட்ட மரணங்கள், நோய்கள் முதலியவற்றின் வழியாக வரும் நன்மை சுமார் 2 லட்சம் கோடி டாலர். காற்றைச் சுத்தம் செய்தால் பொருளாதாரம் நலியும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் அரிது. ஆனால் அதே திருத்தங்களைத் தொழிலாளர் பக்கமிருந்து ஆராய்ந்த பொருளியலாளர் ரீட் வாக்கர், 2013-ல் வெளியான தம் ஆய்வில் இன்னொரு கணக்கைக் காட்டினார். புதிதாகக் கட்டுப்பாட்டுக்கு உள்ளான தொழில்களில் இருந்தவர்கள் சராசரியாக, முன்பு பெற்ற ஓராண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு இணையானதை அடுத்து வந்த ஆண்டுகளில் இழந்தார்கள். அந்த இழப்பின் பெரும்பகுதி, வேலையிலேயே நீடித்தவர்கள் மீது அல்லாமல், வேலையை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் மீதே விழுந்தது. மொத்த இழப்பு 540 கோடி டாலர். நன்மையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ஆனால் நன்மை கோடிக்கணக்கானோருக்குப் பகிரப்பட்டபோது, இழப்பு ஒரு சிலரின் வீட்டுக்குள் முழுமையாக நுழைந்தது.

இந்தக் கணக்கை நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணம் உண்டு. நன்மை அவ்வளவு பெரியது என்றால், அதில் மிகச் சிறு பங்கை எடுத்து, இழந்தவர்களுக்கு ஈடு செய்வது கடினமான காரியமாக இருக்க முடியாது. எங்கள் ஊர் மேடைகளில் தொழிலா காற்றா என்று கேட்கிறார்கள். தில்லி மேடைகளில் குழந்தைகளா வியாபாரமா என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் ஈட்டுத்தொகை என்ற பேச்சே எழாதபடி கதவை அடைத்துவிடுகின்றன.

அந்தக் கதவு திறக்கப்பட்ட ஒரு முன்மாதிரி தில்லியிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் காற்றின் தரம் மிக மோசமாகும்போது அங்கே கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. 2021 நவம்பரில், வேலையிழக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு, அவர்களின் நலனுக்காகவே கட்டுமானச் செலவில் வசூலிக்கப்படும் செஸ் நிதியிலிருந்து பிழைப்பூதியம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2024 குளிர்காலத்தில் தில்லி அரசு தலைக்கு 8,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டது. பதிவு செய்யாதவர்கள் விடுபட்டார்கள், பணம் தாமதமாக வந்தது, நீதிமன்றம் தலைமைச் செயலாளர்களை அழைத்துக் கேட்க நேர்ந்தது. இத்தனை குறைகளுக்கு நடுவிலும் ஒரு கோட்பாடு நிலைநாட்டப்பட்டிருக்கிறது: எல்லோருடைய மூச்சுக்காக ஒருவரின் வேலை நிறுத்தப்பட்டால், அவருடைய சோற்றுக்கு எல்லோரும் பொறுப்பு. தில்லியில் செங்கல் சுமப்பவருக்குப் பொருந்தும் இந்தக் கோட்பாடு, அதே தில்லியின் காற்றுக்காகச் சாத்தூரில் வேலையிழக்கும் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையால் ஆலை மூடப்படும் நாள்களுக்கு அதன் வழியாகப் பிழைப்பூதியம் வழங்க வழிசெய்தால், மத்திய அரசும் அதற்குப் பங்களித்தால், அடுத்த ஆணை வரும்போது எங்கள் மாவட்டம் இவ்வளவு அஞ்ச வேண்டியிருக்காது. அச்சம் குறைந்தால் எதிர்ப்பும் குறையும் என்பதைக் காற்றுக்காகப் போராடும் நண்பர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு நாள் புகையால் என்ன வந்துவிடும், தில்லியை மூச்சடைக்க வைப்பது வாகனமும் வைக்கோல் எரிப்பும் கட்டுமானத் தூசியும்தானே என்று என் நண்பர்களே என்னிடம் கேட்டதுண்டு. தில்லியின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பட்டாசை மட்டும் நிறுத்தி அந்த நகரத்தின் குளிர்காலத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் நுரையீரலுக்கு ஆண்டுச் சராசரி தெரியாது, அந்த இரவு மட்டுமே தெரியும். நீலம் பாரித்த உதடுகளோடு வந்த அந்தச் சிறுவனுக்கு நான் ஆக்சிஜன் வைத்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

2019-ல் வந்த அந்தப் பெண் இப்போதும் என்னிடம் வருகிறார். ஆலை திறந்ததும் இன்ஹேலரைத் தொடர்ந்தார். ஆனால் பொடி பறக்கும் அறையில் இருக்கும்வரை நோய் முழுக் கட்டுக்குள் வராது என்பது மூச்சுத்திறன் சோதனையில் ஒவ்வொரு முறையும் தெரிகிறது. பெட்டி போடும் பகுதிக்கு மாற்றுமாறு ஆலை நிர்வாகத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சென்ற முறை வந்தபோது, மருத்துவச் சீட்டுகளுக்கு இடையே அந்தக் கடிதம் மடித்தபடியே இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பெட்டி போடும் பகுதியில் கூலி குறைவு, மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள், அது முடியட்டும் என்றார். கடிதத்தின் தேதி பழையதாகிவிட்டால் வாங்க மறுப்பார்களோ என்று அவரே கவலைப்பட்டதால், புதிய தேதியிட்டு இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். அதையும் மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.