இணைசேர்ந்த தேதி சொல்லாத பிரசவ நாள்

வளர்க்கும் நாய் சினைப்பட்டது தெரிந்தவுடன் பெரும்பாலோர் இணைசேர்ந்த தேதியிலிருந்து 63 நாட்களை எண்ணிக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். 63 என்ற எண்ணில் பிழையில்லை. எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் பிழை இருக்கிறது. இணைசேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், எந்தச் சிக்கலும் இல்லாத ஒரு பிரசவம் 57ஆம் நாளிலும் நடக்கலாம், 72ஆம் நாளிலும் நடக்கலாம். சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய நாளிலிருந்து கணக்கிட்டாலோ, இந்த இரண்டு வார இழுபறி மறைந்து, 63க்கு ஓரிரு நாள் முன்பின்னாகப் பிரசவம் நிகழும்.

இதற்குக் காரணம் நாயின் இனப்பெருக்க அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் முட்டை வெளிவரும்போதே கருவுறத் தயாராக இருக்கும். நாயின் முட்டையோ முதிராத நிலையில் வெளிவந்து, கருக்குழாயில் மேலும் இரண்டு அல்லது மூன்று நாட்கள் இருந்து முதிர்ந்த பிறகே விந்தணுவை ஏற்கும் தகுதி பெறுகிறது. மறுபுறம், ஆண் நாயின் விந்தணுக்கள் பெட்டையின் உடலுக்குள் ஐந்து நாட்களுக்கு மேலும் உயிருடன் காத்திருக்க வல்லவை. ஆகவே முட்டை வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு இணைந்தாலும் சினை பிடிக்கும், சில நாட்கள் கழித்து இணைந்தாலும் பிடிக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் அமைவதும் இதனால்தான் சாத்தியமாகிறது. தேதியைத் துல்லியமாக அறிய விரும்புவோருக்கு, இணைசேர்க்கும் காலத்திலேயே கால்நடை மருத்துவர் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பரிசோதித்துச் சொல்வார். நாய்க்கு அந்த ஹார்மோன் முட்டை வெளிவருவதற்கு முன்பே உயரத் தொடங்கிவிடுவது இந்தக் கணிப்புக்கு வசதியாக அமைகிறது.

புரோஜெஸ்டிரோன்தான் நாயின் சினைக்காலம் முழுவதையும் ஆளும் ஹார்மோன். மனிதர்களில் முதல் சில வாரங்களுக்குப் பிறகு நஞ்சுக்கொடியே அதைச் சுரக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. நாயின் நஞ்சுக்கொடிக்கு அந்தத் திறன் இல்லை. முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் திசுத் திரள்களே கடைசி நாள் வரை அதைச் சுரந்து சினையைத் தாங்குகின்றன. வியப்பு என்னவென்றால், சினை பிடிக்காத பெட்டையிலும் இந்தத் திரள்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் அதே அளவில் இயங்குகின்றன. அதன் முடிவில் புரோஜெஸ்டிரோன் குறைந்து, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் உயரும்போது, வயிற்றில் ஒரு குட்டிகூட இல்லாத நாய்க்கும் மடி பெருத்துப் பால் ஊறும். அது மூலையில் துணிகளைக் குவித்துப் படுக்கை அமைக்கும். பொம்மையைக் குட்டியாகப் பாவித்துக் காவல் காக்கும். பொய்ச்சினை எனப்படும் இதை நோய் என்று எண்ணிப் பதறுவதற்கில்லை.

இதனால், மடியையும் வயிற்றையும் பார்த்துச் சினையை உறுதிசெய்ய முடியாது. மனிதருக்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையும் நாய்க்குப் பயன்படாது. நஞ்சுக்கொடி சுரக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோனே நம்பத்தக்க அடையாளம். ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து அது இரத்தத்தில் தெரியும். அதே சமயத்தில் ஸ்கேன் செய்தால் கருக்களின் இதயத் துடிப்பைக் காணலாம். ஆனால், எத்தனை குட்டிகள் என்று எண்ணுவதற்கு ஸ்கேன் உகந்ததல்ல. எலும்புகளில் சுண்ணாம்பு படிந்து படத்தில் தெளிவாகத் தெரியும் 55ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் தலைகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிவிடலாம். இந்த எண்ணிக்கை வெறும் ஆர்வத்துக்கானதன்று. பிரசவ இரவில் உள்ளே இன்னும் குட்டி இருக்கிறதா, எல்லாம் முடிந்துவிட்டதா என்ற கேள்விக்கு அது ஒன்றே விடை தரும்.

கருக்கள் கருப்பைச் சுவரில் பதிவதற்கே மூன்று வாரம் வரை ஆகும். அவற்றின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று வாரங்களில்தான் கூடுகிறது. எனவே சினை என்று தெரிந்த நாளிலிருந்தே அள்ளி ஊட்டுவது தாயைக் கொழுக்க வைத்துப் பிரசவத்தைக் கடினமாக்கும். ஆறாம் வாரத்திலிருந்து படிப்படியாக உணவைக் கூட்டுவதும், கருப்பை இரைப்பையை நெருக்குவதால் அதைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதும் போதும். நல்லெண்ணத்தோடு பலர் செய்யும் ஒரு தவறு கால்சியம் மாத்திரை கொடுப்பது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும் வாரங்களில் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று சரிந்து நடுக்கமும் வலிப்பும் வரும் ஆபத்து கூடுகிறது. குடற்புழு நீக்கமும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டியதே. தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் சினையின் பிற்பகுதியில் விழித்து, நஞ்சுக்கொடி வழியே கருக்களுக்குள் நுழைந்துவிடும். அதனால் குட்டிகள் புழுக்களோடேயே பிறக்கின்றன.

பிரசவப் பெட்டியை ஒன்றிரண்டு வாரம் முன்பே, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வைத்துத் தாயை அதில் படுத்துப் பழக விட வேண்டும். தாய் கால் நீட்டிப் படுக்க இடமும், குட்டிகள் வெளியே உருண்டுவிடாத உயரமும், எளிதில் மாற்றக்கூடிய விரிப்பும் இருந்தால் போதும். ஆனால் உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து சற்று உயரத்தில் சுற்றிலும் ஒரு சட்டம் அடிக்க மறக்கக் கூடாது. தாய் சுவரில் சாயும்போது பின்னால் சிக்கும் குட்டி நசுங்காமல் அந்த இடைவெளியில் தப்பும்.

கடைசி வாரத்தில் ஒரு தெர்மாமீட்டர் தேவை. கருக்கள் முதிர்ந்ததும் அவற்றின் உடலில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் உயர்கிறது, அதன் தூண்டலால் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து சூலகத்தின் மஞ்சள் திரள்களை அழிக்கிறது, புரோஜெஸ்டிரோன் வீழ்கிறது. உடல் வெப்பத்தைச் சற்று உயர்த்தி வைத்திருந்ததும் அந்த ஹார்மோனே என்பதால், ஆசனவாயில் எடுக்கும் வெப்பநிலை 37.2 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கும். பெரும்பாலும் அடுத்த 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கிவிடும். இறக்கம் சில மணி நேரமே நீடிக்கும் என்பதால் நாளுக்கு இரண்டு மூன்று முறையாவது அளந்து எழுதி வைக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் கருப்பை வாய் விரிவது வெளியே தெரியாது. நாய் உணவை மறுத்து, மூச்சிரைத்து, நடுங்கி, விரிப்பைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். இது 6 முதல் 12 மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் நீளும். பிறகு வயிறு இறுகி முக்கத் தொடங்கும். குட்டி பனிக்குடப் படலத்தோடு வெளிவரும். தாய் அதைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டி கத்தும் வரை நக்கும். தாய் சும்மா இருந்தால் மட்டும் நாம் படலத்தை முகத்திலிருந்து விலக்கி, உலர்ந்த துண்டால் சுறுசுறுப்பாகத் தேய்த்துவிட வேண்டும். பின்னங்கால்கள் முன்னே வருவது நாய்களில் சாதாரணம். குட்டிகளுக்கு இடையே அரை மணியோ ஒரு மணியோ இடைவெளி இருக்கும்.

அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்க, முந்தைய குட்டி பிறந்து இரண்டு மணி நேரம் கடந்துவிட்டாலும், வெப்பம் இறங்கி ஒரு நாள் ஆகியும் எதுவும் தொடங்காவிட்டாலும் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் திரவம் வடிந்தால் இன்னும் அவசரம். நாயின் நஞ்சுக்கொடி விளிம்பில் தேங்கும் இரத்தம் சிதைந்து உண்டாகும் நிறமியே அந்தப் பச்சை. குட்டி வெளிவரும் முன்பே நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். ஒரு குட்டி பிறந்த பிறகு அதே நிறம் வழக்கமானது. தடைபட்ட பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசியை வீட்டிலேயே போடுவது கருப்பையைக் கிழித்துவிடக்கூடும்.

பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் பெட்டியின் ஒரு பக்கம் 30 டிகிரியை ஒட்டி வெதுவெதுப்பாகவும், தாய் ஒதுங்க மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி வழியே மிகக் குறைந்த எதிர்ப்புப் புரதங்களே கிடைத்திருப்பதால் அவற்றைத் தரும் சீம்பால் இன்றியமையாதது. குடல் அவற்றை முழுதாக உறிஞ்சுவது முதல் நாள் வரையில்தான். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பாலைப் புகட்டினாலும் செரிக்காது என்பதால், முதலில் சூடு, பிறகே பால். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்த்தால், முதல் நாளின் சிறு இழப்புக்குப் பின் எடை தொடர்ந்து ஏறி, ஏறக்குறைய 10 நாட்களில் இரட்டிப்பாகும். ஏறாமல் நிற்கும் குட்டியை அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.