ஒரு கோரிக்கை, ஒரு ஸ்கோப்: டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் உள்ளே நடப்பது என்ன?

மைக்ரோசாஃப்டின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி.நெட் கோரில் வெப் ஏபிஐ எழுதிப் பழகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சிங்கிள்டனாகப் பதிவு செய்த சர்வீஸின் கன்ஸ்ட்ரக்டரில், டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்டைக் கேட்டால், என் கணினியில் புரோகிராம் தொடங்கவே மறுக்கிறது. அதே கோடு சர்வரில் ஓடுகிறது. எதை நம்புவது?" அவருடைய கணினியைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு கிளாஸ் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல், கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கேட்டுப் பெறுவதே டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன். மார்ட்டின் ஃபௌலர் 2004இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவியது. 2016இல் வெளிவந்த ஏஎஸ்பி.நெட் கோர், கேட்டவற்றை உருவாக்கித் தரும் கண்டெய்னரை உடன் கொண்டே வந்தது. புரோகிராம்.சிஎஸ் கோப்பில் ஒவ்வொரு சர்வீஸையும் சிங்கிள்டன், ஸ்கோப்ட், டிரான்சியன்ட் என்ற மூன்று ஆயுட்காலங்களுள் ஒன்றில் பதிவு செய்கிறோம். செயலி நிற்கும்வரை ஒரே ஆப்ஜெக்ட் என்பது முதலாவது. கேட்கும்போதெல்லாம் புதியது என்பது மூன்றாவது. நடுவில் இருக்கும் ஸ்கோப்ட்தான் அழகானது.

ஒரு ஹெச்டிடிபி கோரிக்கை வந்ததும் அதற்கென்றே ஒரு ஸ்கோப் திறக்கப்படுகிறது. கோரிக்கையைக் கையாளும் கிளாஸான கண்ட்ரோலரை உருவாக்க வேண்டுமானால் அதன் கன்ஸ்ட்ரக்டர் கேட்பவற்றை முதலில் உருவாக்க வேண்டும். அவற்றை உருவாக்க அவை கேட்பவற்றை உருவாக்க வேண்டும். இப்படி எதையும் கேட்காத கிளாஸ் வரை இறங்கிச் சென்று, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு கண்டெய்னர் மேலேறுகிறது. வழியில் உருவாகும் ஸ்கோப்ட் ஆப்ஜெக்ட்டுகளை அந்த ஸ்கோப் தன்னிடம் குறித்துவைத்துக்கொள்வதால், அதே கோரிக்கையில் ஆர்டர் சர்வீஸும் ஸ்டாக் சர்வீஸும் தனித்தனியே டிபிகான்டெக்ஸ்டைக் கேட்டாலும் இருவருக்கும் கிடைப்பது ஒன்றுதான். ஆகவே இருவர் செய்த மாற்றங்களும் ஒரே சேவ்சேஞ்சஸ் அழைப்பில் சேர்ந்து டேட்டாபேஸுக்குப் போகின்றன. அதே நொடியில் வந்த மற்றொரு கோரிக்கைக்கு வேறு ஸ்கோப், வேறு டிபிகான்டெக்ஸ்ட். பதில் அனுப்பப்பட்டதும் ஸ்கோப் மூடப்பட, அதற்குள் உருவானவை உருவான வரிசைக்கு நேர்மாறாக டிஸ்போஸ் ஆகின்றன, அதாவது பிடித்துவைத்திருந்த வளங்களை விடுவிக்கின்றன. பின்னால் பிறந்தது முன்னால் பிறந்ததைப் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும் என்பதே காரணம்.

இத்தனை வேலையும் வேகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒரு சர்வீஸ் இரண்டாம் முறை கேட்கப்பட்டதுமே, அதை உருவாக்கும் வழியைக் கண்டெய்னர் பின்னணியில் கம்பைல் செய்து வைத்துக்கொள்கிறது என்று அறிந்தால் அந்த அச்சம் குறையும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் எழுதியே ஆக வேண்டும் என்பதும் என் பார்வையில் சகுனம் பார்ப்பதைப் போன்றதே. கண்டெய்னர் அதைக் கேட்பதில்லை, கிளாஸை நேரடியாகவே பதிவு செய்யலாம்.

இனி வாசகரின் சிக்கல். சிங்கிள்டன் எந்தக் கோரிக்கைக்கும் சொந்தமானதன்று. அதற்கு வேண்டியவை செயலியின் ஆயுள் முழுதும் மூடப்படாத வேர் ஸ்கோப்பிலிருந்து வருகின்றன. அங்கே பிறந்த டிபிகான்டெக்ஸ்ட், ஸ்கோப்ட் என்று பதிவாகியிருந்தும் சிங்கிள்டனிடம் சிறைப்பட்டுவிடுகிறது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் அதைத் தொட்டால், முந்தைய வேலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிட்டது என்ற பிழை எழும். இதைவிட ஆபத்தானது பிழையே எழாத நிலை: ஒருமுறை படித்த ஆப்ஜெக்ட்டுகளை டிபிகான்டெக்ஸ்ட் கண்காணித்து வைத்திருப்பதால், வேறொருவர் டேட்டாபேஸில் விலையை மாற்றிய பிறகும் வழக்கமான குவெரி பழைய விலையையே தரக்கூடும், நினைவகமும் பெருகிக்கொண்டே போகும்.

டெவலப்மென்ட் சூழலில் வேலிடேட்ஸ்கோப்ஸ் என்னும் சோதனை இயல்பாகவே இயங்கி இதைப் பிடித்துவிடுகிறது. சோதனைக்கும் ஒரு செலவு உண்டு என்பதால் புரொடக்‌ஷனில் அது இயங்குவதில்லை. சர்வரின் மௌனத்துக்கு அதுவே காரணம்.

சிங்கிள்டனை ஸ்கோப்டாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடலாம். பின்னணி வேலை செய்யும் ஹோஸ்டட் சர்வீஸ்களில் அது இயலாது. அங்கே ஸ்கோப்களைத் திறந்து தரும் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியைப் பெற்று, வேலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்கோப் திறந்து, முடிந்ததும் மூட வேண்டும். சுற்றுக்கு வெளியே ஒரே ஸ்கோப்பைத் திறந்துவைத்தால் அதே பழைய டிபிகான்டெக்ஸ்ட் மறுபடியும் செயலி நிற்கும்வரை வாழும்; இந்த முறை வேலிடேட்ஸ்கோப்ஸும் எச்சரிக்காது.